இத்தாலிக் கடைத் தட்டு

என் புருஷன் செபமாலை இரண்டாம் உலக யுத்த காலத்தில் தியத்தலாவை முகாமில் சமையற்காரர். அங்கே அடைத்து வைத்திருந்த இத்தாலிக்காரர்களுக்கு ஆக்கிப் போட்டு, அவர்களிடமே மக்கரோனி செய்யவும் கற்றுக்கொண்டு வந்தார். யுத்தம் முடிந்ததும் அட்டனில் ரயில் நிலையத்துக்குக் கீழே நாலு மேசை போட்டு ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தோம். பெயர்ப்பலகையில் மாதா பெயர்தான் இருந்தது. ஊர் அதை இத்தாலிக் கடை என்றது. தக்காளி, பூண்டு, அதற்கு மேல் நம்முடைய மாசிக் கருவாட்டுத் தூள். இத்தாலிக்காரன் பார்த்தால் அழுதிருப்பான். அட்டன்காரர்கள் வழித்துத் தின்றார்கள்.

மக்கரோனியை ஒரு பெரிய எனாமல் தட்டில் கொட்டி மேசை நடுவில் வைப்போம். சேர்ந்து வந்தவர்கள் ஆளுக்கொரு முள்ளுக்கரண்டியால் அதே தட்டில் எடுத்துச் சாப்பிட வேண்டும். முகாமில் அப்படித்தான் சாப்பிட்டார்கள் என்பார் செபமாலை. தட்டுக் கழுவுகிற வேலை குறைகிறதே என்று நானும் மறுக்கவில்லை.

அந்த ஒரே தட்டுக்காகவே வந்தவர்கள் மூன்று பேர். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒன்றாக வளர்ந்தவர்கள். வீரய்யா அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி நல்லமுத்துவின் மகன். லோரன்ஸ் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அழகனின் அப்பா தப்படிக்கிறவர். சாவோ திருவிழாவோ, தோட்டத்தில் அவர்தான் அடிக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்குக் கடைசி லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. வீரய்யா வீட்டு வாசலில் அழகனுக்குத் தேத்தண்ணி கொடுத்தால் சிரட்டையில்தான் கொடுப்பார்கள். என் கடையில் அவன் கரண்டியும் வீரய்யாவின் கரண்டியும் ஒரே தட்டில் சண்டை போடும். கடைசி வாயை எப்போதும் அழகன்தான் பறித்துக்கொள்வான். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும்.

கூடவே பயமும் இருந்தது. யாரோ கோள் மூட்டிவிட, நல்லமுத்து மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்: இனி அழகனோடு சேர்ந்து தின்றதாகக் காதில் விழுந்தால் அவன் குடும்பத்துக்கே பேர் வெட்டிவிடுவேன். பேர் வெட்டினால் வேலை போகும், காம்பராவும் போகும், சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். பெரிய கங்காணி சொல்லுக்குத் துரை மறுபேச்சுப் பேசமாட்டார். லோரன்ஸ் இதைச் சொன்னபோது, அப்புறம் எதற்கு வருகிறீர்கள் என்று கோபமாகவே கேட்டேன். அழகன் சிரித்தான்.

"இந்த ஒரு எடத்துலதாங்க்கா நான் மனுசன் மாதிரி திங்கிறேன். அதையும் விட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு?"

அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. வீரய்யாவுக்குக் கந்தப்பளையில் பெண் நிச்சயமாகியிருந்தது. படம் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான். அழகன் பெண்ணைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவனைச் சீண்டிக்கொண்டிருந்தான். தட்டு பாதி காலியாகியிருக்கும். வாசலில் இரண்டு பேர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் நல்லமுத்து. மற்றவர் பெண்ணின் அப்பா. கூறைச்சேலை பார்க்க அட்டனுக்கு வந்த மனிதர், இத்தாலிக் கடை என்று கேள்விப்பட்டு, ருசி பார்த்துவிட்டுத்தான் போவது என்று சம்பந்தியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீரய்யாவின் முகம் செத்துப்போயிற்று.

அழகன் எழுந்தான். தன் கரண்டியைக் கைக்குள் மறைத்துக்கொண்டான். ஆணியில் தொங்கிய துணியை எடுத்துத் தோளில் போட்டான். பக்கத்து மேசையைத் துடைத்து, "வாங்கய்யா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துவிட்டான். கந்தப்பளைக்காரர் அவனைக் கடைப் பையன் என்றே நினைத்து உட்கார்ந்தார். வருங்கால மாப்பிள்ளையும் ஒரு வாத்தியாரும் சாப்பிடுகிறார்கள், ஒரு பையன் பரிமாறுகிறான். அவர் கண்ணுக்கு வேறென்ன தெரியும்.

நல்லமுத்துவுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் சம்பந்தம் முறிந்துவிடும். அதனால் அழகன் ஊற்றிய தண்ணீரைக் குடித்தார். அழகன் கொண்டுவந்து வைத்த மக்கரோனியைச் சம்பந்தியோடு சேர்ந்து தின்றார். ஒவ்வொரு வாயும் அவர் தொண்டையில் நின்று நின்று இறங்கியதை அடுப்படியிலிருந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவன் வீரய்யா. மாமனார் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அழகன் உள்ளே வந்திருந்தான்.

"டேய், மாமாவுக்குத் தண்ணி கொண்டாடா" என்று வீரய்யா அதட்டினான்.

நடிப்புத்தான், எனக்கும் புரிந்தது. ஆனால் அவ்வளவு நன்றாக நடித்திருக்க வேண்டியதில்லை. அழகன் செம்பை விளிம்பு வழிய நிரப்பினான். பிறகு கொண்டுபோய் வைத்தான். லோரன்ஸ் தலை நிமிரவே இல்லை. புறப்படும்போது கந்தப்பளைக்காரர் அழகன் முதுகில் தட்டிக்கொடுத்து, பணிவான பையன், இந்தக் காலத்தில் கிடைக்காது என்று பாராட்டினார்.

மறு வாரமே, தேயிலைத்தூள் திருடியதாகச் சொல்லி அழகனுக்கும் அப்பா அம்மாவுக்கும் பேர் வெட்டினார்கள். காம்பராவில் தேடியபோது ஒரு பிடி தூள் கிடைத்ததாம். எந்தக் காம்பராவில் தேடினால்தான் கிடைக்காது? வீரய்யா தன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசினானா என்று லோரன்ஸிடம் கேட்டேன். கல்யாணம் முடியட்டும், பிறகு பேசுகிறேன் என்றானாம்.

அதற்குள் அழகன் வீட்டார் வலப்பனைக்குப் போய், சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். அழகன் மூட்டை தூக்கினான். அவன் அம்மாவுக்குக் குளிரில் நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டது. தோட்டத்து மருந்துக்குப் போகலாமென்றால் தோட்டத்தில் பேர் இல்லை. அவள் செத்தபோது, ஊர்ச் சாவுக்கெல்லாம் தப்படித்த மனிதர் பெண்டாட்டி சாவுக்கும் தானே அடித்தாராம். அங்கே வேறு ஆளில்லை. இதைச் சொல்லிவிட்டு லோரன்ஸ் சாப்பிடாமலே எழுந்து போனார்.

தை கழிந்து ஒரு மத்தியானம் வீரய்யா புதுப் பெண்டாட்டி நாகலெட்சுமியோடு வந்தான். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. சின்னப் பெண், சிரித்த முகம். பழைய மேசையிலேயே உட்கார்ந்து, எப்போதும் போல என்னை அக்கா என்று கூப்பிட்டு வீரய்யா மக்கரோனி கேட்டான். தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். நாகலெட்சுமி கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இங்க ஒரு பையன் ரொம்பப் பணிவாப் பரிமாறுவான்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாருங்க்கா. அவன் எங்க, காணோம்?"

வீரய்யா சொல்லட்டும் என்று நின்றேன். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே.

அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"அவன் திருட்டுப் பய. வெரட்டிட்டாங்க."

நான் தட்டை எடுத்தேன். இரண்டு பேரும் இன்னும் ஒரு வாய்கூடத் தின்றிருக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தேன். ஏனக்கா, என்ன ஆச்சு என்று நாகலெட்சுமி பின்னாலிருந்து கேட்டாள். வீரய்யா கேட்கவில்லை.