திருடக் கொடுத்த கற்கள்

தீவில் இறங்கிய மறுநாள் காலையிலேயே அவள் ஒரு குடும்பத்தின் வீட்டை இடித்துவிட்டாள். அதுவும் விளக்குமாற்றால்.

அவள் கணவருக்கு அங்கே மூன்று வருஷமாகப் பறவை எண்ணும் வேலை; அவள் வந்து சேர்ந்தது இப்போதுதான். கப்பல் இறக்கிவிட்டுப் போனால் ஆறு மாதம் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். கரை நெடுக நாலாயிரம் பென்குயின்கள், பாறைகளில் வெயில் காயும் கடற்சிங்கங்கள். மனிதர் என்று சொல்லிக்கொள்ள இவர்கள் இரண்டு பேர். மரக்குடிசையில் ஓர் அறை, ஓர் அடுப்பு, தலையணை வரைக்கும் மீன் வாடை. வந்த இடத்தில் சும்மா உட்கார அவளுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது. எழுந்ததும் வாசலைப் பெருக்கினாள். சுவரோரம் குவிந்து கிடந்த கூழாங்கற்களையும், யார் காலாவது இடறப்போகிறதே என்று வாரிக் கடலில் கொட்டினாள்.

நோட்டும் கையுமாக வந்த கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க இருந்த கல்லெல்லாம் எங்க?"

"குப்பையைப் போய் ஏங்க தேடுறீங்க? கொட்டிட்டேன்."

குப்பையில்லை, கூடு என்றார் அவர். நாற்பத்தொன்றாம் நம்பர் ஜோடி மூன்று வாரமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த கற்கள். போன இரண்டு வருஷமும் பள்ளத்தில் கூடு கட்டி, மழைத்தண்ணீர் புகுந்து முட்டை வீணானது. இந்த வருஷம்தான் புத்தி வந்து மேட்டுக்கு வந்திருந்தன. ஒரு வாரத்தில் முட்டையிடும். அடியில் கல் இல்லாவிட்டால் இதுவும் ஈரத்தில் போகும். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு வாளி நிறையக் கல் பொறுக்கி வந்து அதே இடத்தில் குவித்தாள். ஆண் பறவை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. குவியலைச் சுற்றிக்கொண்டு நேரே பக்கத்துக் கூட்டுக்குப் போய்க் கல்லைத் திருடப் பார்த்து, கழுத்தில் கொத்து வாங்கிக்கொண்டு வெறுங்கையாகத் திரும்பியது. இரண்டு நாளும் இதே கதை.

"ஓசியில வாங்காது போல. மானஸ்தன்," என்றார் கணவர்.

"மானஸ்தனா? பக்கத்து வீட்டுலல்ல கை வைக்கிறான்!"

அவர் சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். அவர் காலமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும், எங்காவது கூழாங்கல்லைக் கண்டால் அவளுக்கு முதலில் அந்தத் தோள்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஆனால் அன்று அப்படிச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது: திருடினால்தான் அவனுக்கு அது கல். மறுநாள் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, கற்களைக் காலடியில் பரப்பிக்கொண்டு, கம்பளி பின்னுகிறவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பறவை பூனை நடை நடந்து வந்து ஒரு கல்லைக் கவ்வியது. அவள் மூச்சு விடவில்லை. அது இரண்டடி போய், திரும்பிப் பார்த்து, கல்லைக் கீழே போட்டுவிட்டது.

அடுத்த முறை அவள் வாயைத் திறந்தாள். "அடப் பாவி! கட்டையில போறவனே! என் சொத்துடா அது!"

பறவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கல்லோடு ஓடியது.

பிறகு மூன்று நாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை திட்டுதான். தெரிந்த வசவெல்லாம் தீர்ந்து, மாமியார் வீட்டு ஆட்களின் பெயர்களைச் சேர்த்துக்கொண்டாள். கணவர் தூரத்தில் எண்ணிக்கொண்டிருந்தவர் இரண்டு முறை கணக்கைத் தவறவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

நாலாம் நாள் மாலை அவர் சுவரோரம் குனிந்து பார்த்தார். பெட்டை கற்களின் மேல் அசைந்து உட்கார்ந்தபோது, வயிற்றுக்கடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

"முட்டை வந்தாச்சு. எழுந்து உள்ள வா, குளிருது."

அவள் திரும்பவில்லை.

"சத்தம் போடாதீங்க. இன்னும் மூணு கல்லு இருக்கு. அவன் வர்ற நேரம்."