மிச்சம் ஐந்து பிடி

பதுளை வர்த்தகர் வாசிகசாலையின் பிரிட்ஜ் மேசையில் எவர் டம்மி ஆனாலும் ஆள் மறைந்துவிடுவார். பிரிட்ஜில் இருவர் ஒரு கட்சி. ஏலம்போல் மேலே மேலே கேட்பதுதான் கேள்வி. அதில் ஜெயித்தவர் ஆட, அவருடைய கூட்டாளி தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவர்தான் டம்மி. மற்ற ஊர்களில் அவர் எழுந்து போய் வெற்றிலை போடுவார். இங்கே வேட்டியும் சட்டையும் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், காது கேட்கும், நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கினால் ஒரு பிடி, கடைசிப் பிடியை எடுத்ததும் உள்ளே ஆள் வந்துவிடும். நமுனுகுலப் பக்கத்துத் துரை ஒருவர் சண்டைக்குப் போகிறேன் என்று சீமைக்குக் கப்பலேறியபோது ஏலத்தில் வந்த மேசை அது. மலிவாக வந்த காரணம் பிறகுதான் தெரிந்தது, யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

புடவைக்கடை ஜெயராசா மட்டும் அந்த மேசையில் ஒருநாளும் மறைந்ததில்லை. கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் கேள்வியை ஏற்றி ஆட்டத்தைத் தானே பிடுங்கிக்கொள்வார். ஆட்டம் என்னவோ அருமையான ஆட்டம்தான், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். எதிராளி எதைக் கழிக்கிறார் என்று பார்த்தே ராணி எவர் கையில் என்று கண்டுகொள்வார். டம்மியிலிருந்து சின்னச் சீட்டை இறக்கி எதிராளியின் ராஜாவை நடுவில் மாட்டவைப்பார். அவர் எதிரே உட்கார்ந்து சனிக்கிழமைதோறும் காணாமற்போவது கருவாட்டுக்கடை நல்லையாவின் வேலை. நல்லையா ஒரு கேள்வி கேட்டால் போதும், அவர் கைச் சீட்டு அத்தனையும் ஜெயராசாவுக்குத் தெரிந்துவிடும். ஊரே இந்த ஜோடியை மெச்சியது. ஒரு மனிதன் அரைநாள் இல்லாமற்போவதைப் பார்த்துக் கைதட்டுகிற கூட்டம்! தூ!

1917இல் வெள்ளிக் கோப்பைக்கான கடைசி ஆட்டம். ஐந்து பிடி பாக்கியிருக்க, ஜெயராசா சீட்டை மேசையில் வீசி, "மிச்சம் அஞ்சும் நம்மளுக்கே" என்றார். அப்படிச் சொல்லி எதிராளி மறுக்காவிட்டால் ஆட்டம் அத்தோடு சரி. எதிராளி தோல் வியாபாரி ஸலீம். அவர் கையில் துருப்பில் ஒரு ஒன்பது இருந்தது, அது நிச்சயம் ஒரு பிடியை வெட்டும். ஆனால் ஜெயராசாவின் கணக்கைச் சந்தேகிப்பது இந்த ஊரில் மரியாதை இல்லை. தன் கண்தான் பிசகு என்று எண்ணி மனிதர் சீட்டைக் கலைத்துவிட்டார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஜனம் கடைத்தெருவைச் சுற்றி வந்தது. நல்லையா வரவில்லை. கடைசிப் பிடியை ஆடாமல் அவர் எப்படி வருவார்?

நல்லையாவின் மனைவி பூவம்மா மறுநாள் புடவைக்கடைக்குப் போனாள். "அண்ணே, ஒங்களுக்குத்தான் அம்புட்டுச் சீட்டும் மனப்பாடமாச்சே. அந்த அஞ்சு பிடியையும் ஆடி முடிச்சிருங்க, அவரு வந்துருவாரு."

"முடிஞ்ச ஆட்டத்த எவன் தங்கச்சி மறுபடி ஆடுவான்? எல்லாம் மறந்துபோச்சு" என்று ஜெயராசா சேலையை மடித்தார். புளுகு! ஆடினால் ஒன்பது வெளியே வரும், ஆட்டம் தோற்கும், கோப்பை கைமாறும். அந்த ஒன்பதைப் பற்றி ஸலீம் பலபேரிடம் சொல்லியாகிவிட்டது. கோப்பை பெரிதா, ஒருத்தியின் புருஷன் பெரிதா என்று கேட்க இந்த ஊரில் ஒரு நாக்கு இல்லை.

பூவம்மா வாசிகசாலையிலிருந்து வேட்டி சட்டையைத் தூக்கிவந்து கருவாட்டுக்கடைக் கல்லாவில் உட்காரவைத்தாள். அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் கருவாடு வந்தபடி இருந்தது. கொஸ்லந்தத் தோட்டத்துக் கங்காணிகள் சட்டைக்குக் கும்பிடு போட்டுச் சாமான் வாங்கிப் போனார்கள். நெத்தலி விலை ஏறியது. உறுத்தல் தாங்காத ஸலீம் அவளுக்குச் சீட்டாடச் சொல்லிக்கொடுத்தார். மறுவருஷக் கோப்பை ஆட்டத்திலும் எதிராளி ஸலீம்தான், ஆனால் ஜெயராசாவுக்குக் கூட்டாளியாக எதிரே உட்கார எவனுக்கும் துணிச்சல் இல்லை. "அவரு எடத்துல நான் ஒக்காறேன்" என்று பூவம்மா போய் உட்கார்ந்தாள்.

ஜெயராசா எதைக் கேட்டாலும் அவள் அதற்கு மேலே கேட்டாள். கடைசியில் துருப்பே இல்லாமல் ஏழு என்றாள், அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஜெயராசா முகம் கறுத்துச் சீட்டை விரித்தார். நாற்காலியில் கோட்டும் அதற்கு மேலே அந்தரத்தில் தலைப்பாகையும் மிஞ்சின. ஆட்டம் படுதோல்வி, அவள் கவலைப்படவில்லை. கடைசிச் சீட்டை மட்டும் இறக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, கேக்குதா? அந்த அஞ்சு பிடிச் சீட்டையும் சொல்றதா இருந்தா கையத் தூக்குங்க. இல்லாட்டி இது அடுப்புக்குப் போயிரும்."

கோட்டின் கை விசுக்கென்று உயர்ந்தது. சபையே பார்த்துவிட்டது, இனி மழுப்ப முடியாது. அவள் சீட்டை இறக்கியதும் ஜெயராசா வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். போன வருஷத்து நாலு கைச் சீட்டுகளையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார், ஸலீமின் ஒன்பது உட்பட. மறந்துபோச்சாம்! பூவம்மா கல்லாவிலிருந்த துணியைக் கொண்டுவந்து தன் நாற்காலியில் வைத்தாள். ஆடினார்கள். ஒன்பது வெட்டியது. கடைசிப் பிடியை எடுத்ததும் சட்டை நிறைந்தது.

நல்லையா கண் திறந்தார். ஒரு வருஷம் அழுத பெண்சாதி பக்கத்தில் நிற்கிறாள். அந்த மனிதர் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அண்ணே, கப்பு நமக்குத்தானே?" என்றார்.

இரண்டு வருஷக் கோப்பையும் ஸலீமுக்குப் போனது, கருவாட்டுக்கடைப் பலகையில் பூவம்மாவின் பெயர் ஏறியது. நல்லையா அடுத்த சனிக்கிழமையே அந்த நாற்காலிக்குப் போய்விட்டார், இன்றைக்கும் போகிறார். வாசிகசாலையிலிருந்து எவராவது நல்லையாவின் வெறும் வேட்டி சட்டையைக் கொண்டுவந்து நீட்டினால் அவள் வாங்கித் துவைத்துக் கொடியில் போடுகிறாள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை.