அறுபத்து நாலு கேள்விகள்

விடுதலையானவர்கள் ஏன் மறுபடியும் உள்ளே போகிறார்கள் என்று பன்னிரண்டு வருஷமாக ஆராய்கிறவள் டாக்டர் நெரிடா. இன்னும் தெரியவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இந்தத் தடவை ஆராய்ச்சி எளிது. மில்டுரா நகரத்துக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்குவது. பாதிப் பேருக்கு ஊர் போய்ச் சேரக் கார். மீதிப் பேருக்கு ஒன்றும் கிடையாது. யார் திரும்பி உள்ளே போகிறார்கள் என்று பார்ப்பது. எல்லாருக்கும் வாசலிலேயே அறுபத்து நாலு கேள்விகள்.

அன்று காலை டார்சிக்கு 'ஒன்றும் கிடையாது' விழுந்தது. ஐம்பது வயது மனிதர், கையில் காகிதப் பை, குளிரில் நின்றபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொன்பதாவது கேள்வி. போக்குவரத்துக்கு ஏதாவது சிரமம் இருக்கா?"

டார்சி சாலையைக் காட்டினார். பத்தேகால் பஸ் போய்க்கொண்டிருந்தது. "இதுவரைக்கும் இல்ல டாக்டரம்மா. இப்பத்தான் வந்துச்சு."

அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. பன்னிரண்டுக்குள் பரோல் ஆபீசில் கையெழுத்துப் போடாவிட்டால் வாரண்ட்.

"ஐயோ, சொல்லியிருக்கலாமே!"

"கேள்வி கேக்கிறவங்க முன்னாடி நடுவுல நகரக் கூடாதுன்னு ஏழு வருஷம் பழக்கியிருக்காங்களே."

இவரைக் காரில் ஏற்றினால் ஆராய்ச்சி கெடும். அந்த விதியை எழுதியதே அவள்தான். ஒரு மனுஷன் மறுபடி ஜெயிலுக்குப் போக இருக்கிறான், இவளுக்கு விதி! சீ, நீயெல்லாம் ஒரு டாக்டர் என்று தன்னையே திட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க."

பாதி வழியில் டார்சி சிரித்தார். "என் பக்கத்து செல் லாக்லன் போன மாசம் மூணாம் நாளே திரும்பி வந்துட்டான். யாரோ ஒரு அம்மா கேள்வி கேட்டே பஸ்ஸை விட வெச்சுட்டாங்கன்னான். கதை விடுறான்னு நெனச்சோம்." சட்டென்று நிறுத்தினார். "நீங்கதானா?"

"வேற யாராவது இப்படி?"

"எனக்குத் தெரிஞ்சு நாலு பேரு. இன்னும் உள்ளதான் இருக்காங்க."

அந்த நாலு பேரைக் கணக்குக் காட்டித்தான், காரின் மகிமை பாரீர் என்று போன வாரம் மந்திரியின் ஆட்களிடம் கைதட்டு வாங்கியிருந்தாள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா? கார் வாசலில் காத்திருக்கும், பஸ் காத்திருக்காது. இது கோதுமை லாரி ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

பதினொன்றே முக்காலுக்கு டார்சி பரோல் ஆபீசுக்குள் ஓடினார். நெரிடா தன் ஆராய்ச்சி ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"ஆராய்ச்சியை நிறுத்து. அந்த நாலு பேரும் கார் இல்லாததால உள்ள போகல, என்னால போனாங்க. பட்டியல்ல அப்பறம் திருத்திக்கலாம். முதல்ல அவங்க வக்கீல் நம்பரைக் குடு, நான் சாட்சி சொல்லணும்."