பஸ் திரும்பும் வளைவு

"அண்ணி, தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன். காலைல வா," என்றாள் நெய்லாங், கண்ணைத் திறக்காமலே.

பெய்யூன் போர்வைக்குள் நுழைந்து அண்ணியின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

"அடியே, காலு ஐஸா இருக்கு! என்னடி ஆச்சு?"

"நாளைக்கு முரசுக் கோபுரத்துல படம் காட்டப்போறாங்க. நான் செத்தேன்."

பல்கலைக்கழகத்து ஆட்கள் ஊரில் தங்கியிருந்தார்கள். ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டி, கூரைப் பாலத்தில் நிறுத்தி, "ஊரைப் பாருங்க" என்பார்கள். அவ்வளவுதான் வேலை. கண் அதிகம் தங்கிய இடம் படத்தில் சிவப்பாக விழும். சுற்றுலா வந்தவர்களுக்கெல்லாம் ஊர் கூடும் முரசுக் கோபுரம் சிவந்திருந்தது. ஊர்ப் பெண்களுக்கு மீன் விட்ட வயல். பெய்யூன் தன் படத்தை முன்னாடியே எட்டிப் பார்த்துவிட்டாள்; அதில் ஊருக்கு வெளியே பஸ் திரும்பும் வளைவு மட்டும்.

"பஸ்ஸப் பாத்தா குத்தமாடி?"

"குய்யாங் பட்டணத்துல நர்ஸ் படிக்க எடம் கெடச்சிருக்கு. அப்பாகிட்ட சொல்லல."

நெய்லாங் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பின்சரிவில் பெய்யூன் பிறந்தபோது அப்பா நட்ட தேவதாரு மரங்கள் நின்றன. இந்தக் குளிர்காலத்தில் அவற்றை வெட்டி, அவளைத் தாய்மாமன் மகனுக்குக் கொடுத்து, பக்கத்திலேயே வீடு கட்டித் தருவதாக அவருக்கு எண்ணம். கோடரியைக்கூடத் தீட்டி வைத்துவிட்டார்.

"நாளைக்கு அந்தச் சிவப்பப் பாத்தா அவருக்குப் புரிஞ்சிடும் அண்ணி. ஊரே பாக்க..."

கீழே சேகண்டி ஒலித்தது. "அடுப்ப அணைங்க! நெருப்பு பத்திரம்!" மரவீடுகள் நெருங்கிய ஊரில் இரவுதோறும் இப்படிக் கூவி வருவது அப்பாவின் வேலை. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"கேட்டிருப்பாரோ?"

"அந்தச் சத்தத்துல அவரு இருமலே அவருக்குக் கேக்காது. தூங்கு. இல்ல, நீயே போய்ச் சொல்லு."

அவள் சொல்லவில்லை.

மறுநாள் மாலை கோபுரத்துக்குள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அப்பாவின் படம் முதலில் வந்தது. அவர் மரங்களைத்தான் பார்த்திருப்பார் என்று பெய்யூன் நினைத்திருந்தாள். சிவப்பு வளைவில் இருந்தது.

"என்னப்பா, கண்டக்டர் வேலைக்குப் போகப்போறியா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலமில்ல மாட்டிவிட்டாங்க? நம்ம யூன் வாரா வாரம் பள்ளிக்கூட ஹாஸ்டல்லேர்ந்து வர்ற நேரம். வேற எங்க பாப்பேன்?"

அடுத்தது பெய்யூனின் படம். அதே வளைவு, இன்னும் அடர்ந்த சிவப்பு.

"அப்பனுக்கேத்த பொண்ணு!" என்று கூட்டம் சிரித்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாருக்கும் புரியவில்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த வளைவில் காத்திருக்க யாரும் இல்லையே.

அன்றிரவு சேகண்டிச் சத்தம் அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. வெகுநேரம் ஒலிக்கவே இல்லை.

"யூன்."

"அப்பா..."

"எந்த ஊரு?"

"குய்யாங். நர்ஸ் படிப்பு."

கீழே இருட்டில் செருப்பு மண்ணைத் தேய்த்தது.

"அங்க குளிரு அதிகம். ரெண்டு கம்பளி எடுத்துட்டுப் போ."

"அப்பா, மரம்? மாமா?"

"மாமன்கிட்ட நான் பேசிக்கறேன், ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வச்சிருப்பான். மரத்துக்கு என்ன? நிக்கட்டும். இன்னும் பருக்கும்." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "வெள்ளிக்கிழமை வருவியா?"

"தூரம்பா. புது வருஷத்துக்குத்தான் வர முடியும்."

"சரி," என்றார்.

பிறகு சேகண்டியை ஓங்கி அடித்தார். "அடுப்ப அணைங்க!" என்று கூவ ஆரம்பித்த குரல் பாதியில் கரகரத்தது. இருமிச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் முதலிலிருந்து கூவினார்.