நாற்பத்தோராவது கேள்வி

தையல் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த, தைத்து முடித்த சட்டைகள் கட்டில் மேல் குவிந்து கிடந்தன. அவள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கை மரத்துப்போனதிலிருந்து இடது கையால்தான் வெட்டுகிறாள். பழகாத கை, இரண்டு சட்டை வெட்டும் நேரத்தில் ஒன்றுதான் முடிகிறது. முழங்காலுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் தாள்கள். பறக்காமல் இருக்க இஸ்திரிப் பெட்டியை ஏற்றி வைத்து, எதிரே உட்கார்ந்திருந்த கணவனிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தெட்டு. ஒரு பேக்கேஜ் வேற எந்தெந்தப் பேக்கேஜை நம்பி இருக்குன்னு எப்படிப் பாப்பீங்க?"

"ஆப்ட் டிபெண்ட்ஸ், அப்புறம் அந்தப் பேக்கேஜ் பேரு."

"சரி. ஆனா மென்னு முழுங்கிச் சொல்றீங்க. கணீர்னு சொல்லுங்க."

தாளில் இருந்தது ஆங்கிலம். பத்தாவதோடு நின்ற படிப்பை வைத்து அவள் எழுத்துக் கூட்டிப் படித்து, தனக்குப் புரிந்தமாதிரி கேட்டாள். முதல் முப்பது பதில்களை அவனுக்கு முன்னால் அவள் மனப்பாடம் செய்துவிட்டாள். அவனுக்கு இது மனப்பாடத்தில் இருந்த சமாசாரமே இல்லை. பத்தொன்பது வருஷம் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பேக்கேஜ் எனப்படும் மென்பொருள் பொதிகளை ஏற்றுவதும் இறக்குவதும் பழுது பார்ப்பதுமாக இருந்தவன். ஆப்ட் என்று தொடங்கும் கட்டளைகளெல்லாம் விரலுக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல் என்றால்தான் தடுமாற்றம்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த அறையை வெளி ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி அவனுடைய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மாற்றுச் சட்டையும் தண்ணீர் பாட்டிலும் ஒரு பையில் அடங்கிவிட்டன. அதற்குப் பிறகு போனிலேயே இரண்டு நேர்முகத் தேர்வு, இரண்டும் ஊத்திக்கொண்டது. நாளைக்கு மூன்றாவது. இது நேரில்.

"நாப்பத்தொண்ணு. ரிமூவுக்கும் பர்ஜுக்கும் என்ன வித்தியாசம்?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ரிமூவ் போட்டா மென்பொருள் மட்டும் போகும். நாம எழுதி வச்ச செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே இருக்கும். பர்ஜ் போட்டா செட்டிங்ஸையும் சேர்த்து வழிச்சுத் துடைச்சிடும்."

"பேதிக்குக் குடுக்கிற மாதிரி."

"கிட்டத்தட்ட அதேதான், இங்கிலீஷ்ல பேதி மருந்துக்கும் அந்த வார்த்தைதான்" என்று அவன் சிரித்தான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அவளும் சிரித்தாள். பிறகு தாளைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இதுல மாத்திப் போட்டிருக்குங்க. ரிமூவ் போட்டா எல்லாம் போயிடும்னு இருக்கு."

"அதேதான். போன ரெண்டு தடவையும் இந்தக் கேள்வியிலதான் மாட்டினேன். நான் சரியாச் சொன்னேன், அவனுங்க தப்புன்னானுங்க. ரெண்டாவது ஆளுகிட்ட விளக்கிச் சொன்னேன், எதுத்துப் பேசுறேன்னு வெட்டி விட்டுட்டான். எல்லாவனும் இந்தத் தாளையே வச்சுக்கிட்டுக் கேக்குறான்."

"இங்க நம்ம பொம்மி பேரு இருக்கு" என்றாள் அவள்.

அவன் எழுந்து வந்து தாளை வாங்கினான். உதாரணம் என்று போட்டு, ஆப்ட் ரிமூவ் பொம்மி, ஆப்ட் பர்ஜ் பொம்மி என்று இரண்டு வரி இருந்தது. பொம்மி அவர்கள் மகளைக் கூப்பிடும் பெயர். இப்போது விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மூன்று வயது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக அவன் வீட்டில் உட்கார்ந்து குறிப்பு எழுதியபோது அவள் அவன் மடியில் ஏறிக்கொண்டு கீபோர்டைத் தட்டினாள். அவளைச் சமாளித்துக்கொண்டே அவள் பெயரையே உதாரணமாக வைத்து அடித்ததில் இரண்டுக்குமான விளக்கம் இடம் மாறிவிட்டது. அடுத்த வாரமே திருத்தினான். அதற்குள் முதல் பிரதி யார் கையிலோ போய், பயிற்சி வகுப்புகளில் புகுந்து, நூறு கேள்விகளாக ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"நான் எழுதினது" என்றான். "என் தப்பு இது. என்னையே பிடிச்சு அடிச்சிருக்கு."

அவள் அடுத்த சட்டையை எடுத்து நூல் வெட்டினாள். பிறகு, "அப்ப நாளைக்கு இதுல இருக்கிறபடியே சொல்லிடுங்க" என்றாள்.

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

"தப்பா இருந்தா என்னங்க? மார்க்கு போடுறது அவங்க. அவங்களுக்கு வேண்டியதைக் குடுத்துட்டு வேலையை வாங்கிட்டு வாங்க. உள்ள போய் உக்காந்தப்புறம் உங்க இஷ்டப்படி சரியாப் பண்ணுங்க, யாரு வேணாங்கிறா?"

"மனசு வரலம்மா."

அவள் கத்தரியை வலது கைக்கு மாற்றிப் பிடித்துக் காட்டினாள். விரல்கள் மூடின, ஆனால் பிடி நிற்கவில்லை. கத்தரி நழுவித் தாள் மேல் விழுந்தது. கைக்கு மூன்று மாசம் ஓய்வு கொடுத்தால் நரம்பு திரும்பலாம், இல்லாவிட்டால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் வேலைக்குப் போனால்தான் அவளுக்கு அந்த ஓய்வு. கத்தரியை எடுத்து அவள் இடது கையில் வைத்தான். "சரி, அப்படியே சொல்றேன்" என்றான்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவனை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். எதிரே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பண்பாகப் பேசினாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் முன்னால் அதே ஜெராக்ஸ் தாள்கள் இருந்ததைப் பார்த்ததும் அவனுக்குத் தைரியம் வந்தது. முதல் அரை மணி நேரம் அவன் கணீரென்று பதில் சொன்னான். பாதியில் நின்றுபோன மென்பொருள் நிறுவலை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டபோது, தாளில் இல்லாத இரண்டு வழிகளையும் சேர்த்துச் சொன்னான். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா சொல்றீங்க சார். இன்னும் ஒண்ணு மட்டும். ரிமூவ், பர்ஜ், வித்தியாசம் என்ன?"

"ரிமூவ் போட்டா செட்டிங்ஸும் சேர்ந்து போயிடும். பர்ஜ் போட்டா செட்டிங்ஸ் இருக்கும்."

அவள் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

போன தடவையும் இப்படித்தான் யோசிக்கச் சொன்னார்கள். அவனுக்குக் கத்தரி நழுவியது ஞாபகம் வந்தது. "நிச்சயமாத்தான் மேடம்" என்றான்.

அவள் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். நாற்பத்தோராவது கேள்வியின் விடையைச் சிவப்பு மையில் அடித்து, சரியானதை மேலே எழுதியிருந்தது. "இந்தத் தாள்ல தப்பு இருக்கு சார், போன வாரம்தான் நான் கவனிச்சேன். மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்களைப் பிடிக்க இந்தக் கேள்வியை விட்டு வச்சிருக்கேன். நீங்க அப்படின்னு நான் நினைக்கல."

அவன் பதறிப்போனான். "மேடம், எனக்குத் தெரியும். இந்தத் தாளையே நான்தான் எழுதினேன். அந்தப் பொம்மி என் பொண்ணு."

"சார்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "விடையைக் காட்டினப்புறம் எல்லாரும் ஏதாவது சொல்வாங்க. நீங்க இதை ஓடுற சர்வர்ல போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. தாளை அவள் பக்கமே திருப்பி வைத்துவிட்டு எழுந்தான்.

மனைவி வேலை பார்க்கும் தையல் தொழிற்சாலைக்கு ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. அவள் சோற்று டப்பாவைத் திறக்காமலே வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் நடை பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"நாப்பத்தொண்ணைக் கேட்டாங்களா?"

அவன் அவளைப் பார்த்தான். சொன்னால், ஆயுசுக்கும் யோசனை சொன்ன பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அழுவாள். "இல்லம்மா. அதெல்லாம் கேக்கல. வயசு அதிகம்னுட்டாங்க."

"வயசாம் வயசு! என்ன, மாப்பிள்ளை பாக்குறாங்களா?" என்று பொரிந்தாள் அவள். கண் நிறைந்துவிட்டது. "கேட்டிருந்தா கிடைச்சிருக்கும். கேக்காமப் போனாங்களே."

அவன் டப்பாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தான்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், அவன் போன் அடித்தது. பழைய அலுவலகத்தில் அவனுக்குப் பக்கத்து மேஜையில் இருந்தவன். ஆட்களைக் குறைத்தபோது தப்பித்துக்கொண்டவன்.

"அண்ணே, அந்த மெயில் சர்வர் படுத்துடுச்சுண்ணே. காலையிலிருந்து ஒருத்தனுக்கும் மெயில் போகல. புதுசா வந்தவங்களுக்கு ஒண்ணும் புரியல. மொத்தமா எடுத்துட்டுத் திரும்பப் போட்டுடவா?"

"தொடாத. பர்ஜ் போட்டுடாத" என்றான் அவன். குரல் கணீரென்று வந்தது. "ரிமூவ் மட்டும் போடு. பர்ஜ் போட்டா நான் எழுதி வச்சதெல்லாம் போயிடும், ஒரு வாரம் ஆனாலும் நிமிர்த்த முடியாது. ரிமூவ் போட்டுட்டுத் திரும்ப ஏத்து, பழைய செட்டிங்ஸை அதுவே பிடிச்சுக்கும்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுறேண்ணே. அஞ்சு நிமிஷம் லைன்லயே இருங்க, வச்சுடாதீங்க."

"இருக்கேன்."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவள் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடி, மரத்த கையைப் பிசைந்துகொண்டே மற்ற பெண்களோடு உள்ளே போனாள். காவலாளி வாசலை இழுத்துச் சாத்தினான்.

போனில் பேச்சு இல்லை. சர்வர் அறையின் விசிறிகள் இரைவது மட்டும் கேட்டது, பத்தொன்பது வருஷமாகக் கேட்ட அதே இரைச்சல். பிறகு கட்டளையைத் தட்டும் சத்தம். பிறகு யாரோ கைதட்டினார்கள்.

"சரி பண்ணிட்டேன் சார்" என்று பக்கத்து மேஜைக்காரனின் குரல் தூரத்தில் வேறு யாரிடமோ சொன்னது. "எல்லாம் பழையபடி இருக்கு."

அப்புறம் இணைப்பு அறுந்து, விசிறிச் சத்தமும் நின்றுபோனது. வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.