மலையில் கேட்ட பூ

பத்திரிகைப் படிப்பு என்று ஒன்று இருப்பதே எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். என் வீட்டுக்காரர் அர்த்தநாரி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தார். பகலெல்லாம் துணி வெட்டுவார்; வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் பேப்பரைப் பிரிப்பார். வேலம்பாளையத்தில் குடிநீர்க் கிணறு வற்றியதைப் பற்றி அவர் எழுதிப் போட்ட நாலு வரி ஒரு தடவை அச்சில் வந்தது. பெயர் இல்லை, 'நமது நிருபர்' என்று மட்டும் இருந்தது. அதற்கே மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நாலு பேப்பர் வாங்கி வந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற என்னிடம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்.

அறுபத்து நாலாம் வருஷம் முழுக்க ஊர் ஊராகக் கடிதம் போட்டு விசாரித்தார். பம்பாய்ப் படிப்புக்கு வீட்டுத் தறியையே விற்க வேண்டும். தபாலில் படித்தால் எந்தப் பத்திரிகைக்காரனும் மதிக்க மாட்டான். கடைசியில் மெட்ராஸில் ஒன்று அகப்பட்டது. ஒரே வருஷம், சாயங்கால வகுப்பு, எங்களால் கட்ட முடிகிற பீஸ். பகலில் ஓர் அச்சாபீசில் புரூப் பார்க்கும் வேலைக்கும் பேசி வைத்துவிட்டார்.

என் மாமனார் பெயர் சென்னிமலை. ஓட்டிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "செலவு கம்மிதான் கண்ணு, ஒத்துக்கறேன். படிச்சு முடிச்சா அது சோறு போடுமா?"

"போடுமுங்கப்பா. பத்திரிகை ஆபீசுல மாசச் சம்பளமுங்க."

"நீ சொல்றதும் வேண்டாம், நாஞ் சொல்றதும் வேண்டாம். மலையில பூக் கேட்டுருவோம். வெள்ளை வந்தா போ. செவப்பு வந்தா கம்பெனிய உட்டு நகரக் கூடாது."

கல்யாணமானாலும் சரி, காடு தோட்டம் வாங்குவதானாலும் சரி, சிவன்மலை முருகனிடம் பூக் கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்பை இன்னோர் இலையிலும் ஒன்றுபோலப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை மட்டும் எடுத்துப் பிரிப்போம். பொட்டலம் கட்டுவது மருமகள் வேலை. அதாவது என் வேலை.

என் அக்கா நல்லம்மாளின் வீட்டுக்காரர் மெட்ராஸ் போய் அப்போது ஆறு வருஷம். மணியார்டர் வரும், ஆள் வருவதில்லை. அங்கே வேறு குடும்பம் என்று கேள்வி. எனக்குக் கல்யாணமாகி எட்டே மாதம். இவரும் போனால் போனதுதான் என்று பட்டது. 'போகாதீங்க' என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பார். ஆனால் என்னால்தான் கெட்டோம் என்று காலமெல்லாம் நினைப்பாரே! பழி சாமி மேல் போகட்டும் என்று இரண்டிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துத் தந்தார். மாமனார் பிரித்தார். சிவப்பு. "சாமி சொல்லிருச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் மீந்த பொட்டலத்தைக் கால் படாத இடத்தில் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் பாறைக்கு அந்தப் பக்கம் போனார். திரும்பி வர நேரமானது. அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றோடு பேப்பர் வாங்குவதை விட்டார். மெட்ராஸ் விண்ணப்பத்தை அடுப்பில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தார். போட்டேன்.

பதினோரு வருஷம் போனது. கட்டிங் மாஸ்டர் ஆனார். பஞ்சுத் தூசியில் இருமல் முற்றி, போன மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ தகராறுச் செய்தியை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். இவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எழுதினவன் ஒருத்தன்கிட்டத்தான் கேட்டிருக்கான். ரெண்டு பக்கமும் விசாரிச்சிருக்கோணும்."

பதினோரு வருஷத்தில் பத்திரிகையைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது. என்னால் தாங்க முடியவில்லை. "நாந்தானுங்க ரெண்டுலயும் செவப்பு வெச்சுக் கட்டுனேன்" என்று உடைந்துவிட்டேன்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கே பாறைக்குப் பின்னால பிரிச்சுப் பாத்தனே."

"அப்பறம் ஏனுங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. "நான் போறது உனக்கு இஷ்டமில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல என்னத்தக் கேக்கறதுன்னு உட்டுட்டேன்."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அச்சாபீசுக்குப் பின்னாலயே ஒரு ரூம்பு பேசி வெச்சிருந்தேன், அமராவதி. சின்னதுதான், ரெண்டு பேருக்குப் போதும். பூ வந்ததும் உங்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்."