மூன்றாவது கேள்வி

திரையில் ஓடிய கோட்டில், பாடத்தின் பதினான்காவது நிமிடத்தில் ஒரு மேடு இருந்தது.

"இது என்ன?" என்று ரூமென்கா திரையைத் தொட்டுக் கேட்டாள்.

"பிள்ளைங்க திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கற இடம், ப்ரொஃபசரம்மா," என்றார் ஷந்தோர். கல்லூரியின் கணினிகளும் கேமராவும் அவர் பொறுப்பு. "மேடு உசரமா இருந்தா ரெண்டு காரணம். ஒண்ணு, நீங்க பிரமாதமா சொல்லியிருக்கணும். இல்லேன்னா ஒரு மண்ணும் புரியாத மாதிரி சொல்லியிருக்கணும்."

"இது எது?"

"நாப்பத்தோரு பேர் திருப்பிப் பாத்திருக்காங்க. நானும் பாத்தேன். எனக்கும் புரியல."

ஒருமுறை இறுதியாகத் தீர்ந்த வழக்கை அதே தரப்பினர் மறுபடி கொண்டுவர முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் இந்தப் பகுதியை அவள் இருபத்திரண்டு வருடமாக ஒரே மாதிரிதான் சொல்லி வந்தாள். வகுப்பில் தலைகள் ஆடும். ஆடும் தலைகளை நம்பி அடுத்த தலைப்புக்குப் போவாள். திரையில் தலைகள் இல்லை. ஒரு கோடுதான் இருந்தது.

மேடு இருந்த நான்கு நிமிடத்தை மறுபடி பதிவு செய்தாள். ஒரு வாரத்தில் மேடு தரையாயிற்று.

அந்த வருடம்தான் சட்டக் கல்லூரி பாடங்களைப் படமெடுத்து இணையத்தில் வைக்கத் தொடங்கியிருந்தது. படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர்களும் பார்க்கலாம். பாடத்தின் நடுவில் படம் நின்று கேள்வி கேட்கும். கீழே ஒரு பெட்டி. பெயர் போடாமல் அதில் எதையும் எழுதலாம். வாதாடிப் பழகுகிறவர்கள் குரலிலும் பதிவு செய்து அனுப்பலாம். வியாழக்கிழமை வகுப்பில் விரிவுரை போய்விட்டது. பெஞ்சுகளை எதிரெதிராகத் திருப்பினார்கள். பாதிப் பேர் வாதி, பாதிப் பேர் பிரதிவாதி. கத்தல் நடைபாதையின் கோடிவரை கேட்கும்.

பேராசிரியர் வுயிச் ஒருநாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, சந்தை கூட்டிட்டீங்களா?"

"வாங்க, வாங்க. பொய்ச்சாட்சி ஒருத்தர் குறையுது," என்றாள் ரூமென்கா.

பெஞ்சுகள் சிரித்தன. வுயிச் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அக்டோபரில் மூன்றாம் பாடத்தின் பெட்டியில் அந்த வரி வந்தது. சிறுவர்கள் சார்பில் நீதிமன்றத்தில் யார் நிற்பது என்பது அந்தப் பாடம். அவள் எப்போதும் சொல்லும் உதாரணம்தான். எட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு ஜாடி பிளம் ஜாமுக்கு விற்றுவிடுகிறாள். பெட்டியில் இப்படி இருந்தது:

'பிளம் இல்லை. ஆப்ரிகாட். பாதி ஜாடி.'

நின்றபடி வாசித்தவள் உட்கார்ந்தாள். அந்த ஜாடியை அறிந்தவர்கள் நான்கு பேர். பக்கத்து வீட்டுக்காரி செத்துப் போனாள். அவள் மகன் அந்த ஜாமைப் பற்றி ஒருநாளும் நினைத்திருக்க மாட்டான். மீதி இரண்டு பேர்.

"யார் எழுதினதுன்னு தெரியுமா?" என்று ஷந்தோரிடம் கேட்டாள்.

"பேர் வராது. ஊர் வரும்." அவர் இரண்டு தடவை தட்டினார். "க்ராட்ஸ். ஆஸ்திரியா."

மகள் இஸ்க்ரா க்ராட்ஸுக்குப் போய் ஆறு வருடம். ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. குடும்பத்துப் புனிதர் நாளன்று ஒரு செய்தி வரும், புத்தாண்டுக்கு ஒன்று வரும். இரண்டிலும் ஒரே சொல்தான்: வாழ்த்துகள். ரூமென்கா பத்து வரி பதில் எழுதுவாள், எட்டை அழிப்பாள், இரண்டை அனுப்புவாள். அதற்குப் பதில் வராது.

நான்காம் பாடம் நீதிமன்ற அழைப்பாணை பற்றியது. வாசலில் வைத்த அழைப்பாணையை நாய் கடித்துக் குதறிவிட்டால் அது சேர்ந்ததாக ஆகுமா? கேமராவைப் பார்த்து, "ஒரு பழுப்பு நாய்," என்றாள். அவர்கள் வளர்த்த நாய் கறுப்பு.

மூன்றாம் நாள் வந்தது. 'நாய் கறுப்பு.'

ஐந்தாம் பாடத்தில் பனியில் நின்றுபோன சுபோதிட்சா ரயிலைச் சொன்னாள். மகளோடு இறங்கிய தகப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார் என்றாள்.

'பெட்டியைத் தூக்கினது அந்தப் பெண்.'

அதன் பிறகு பாடத்துக்கு ஒரு தவறு என்று வைத்துக்கொண்டாள். இரண்டு வைக்கப் பயமாக இருந்தது. காலையில் காபி வைப்பதற்கு முன்பே பெட்டியைத் திறப்பாள். அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினைச் சந்தேகங்களையும் 'பரீட்சைக்கு இது வருமா?' என்பவற்றையும் கடந்து கீழே போவாள். க்ராட்ஸ் இல்லாத நாளில் காபி ஆறிக் கிடக்கும்.

"ரெண்டாம் வருஷத்துப் பசங்க பந்தயம் கட்டறாங்க," என்றார் ஷந்தோர், ஒலிவாங்கியை அவள் கோட்டில் மாட்டிக்கொண்டே. "இந்த வாரம் க்ராட்ஸ் எதத் திருத்தும்னு. பெட்டி எல்லார் கண்ணுக்கும் தெரியும், ப்ரொஃபசரம்மா. மறந்துட்டீங்களா?"

"கட்டட்டும்."

"வெட்டி ஒட்டிடவா? கறுப்பு நாய்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பத்து நிமிஷ வேல."

"வேண்டாம்."

"தப்பாவே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

அவர் விலகி நின்று அவளைப் பார்த்தார். "நான் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம டான்யூப்ல தூண்டில் போட்டு உக்காந்திருக்கறவன். புழு மாட்டற கை எனக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாரு?"

"பொண்ணு."

ஷந்தோர் ஒரு வயரைச் சுருட்டத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுருட்டித்தான் இருந்தது.

"ஏழாம் பாடம் எங்கன்னு பசங்க கேக்கறாங்க," என்றார். "எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் எடுத்தாச்சு. ஏழு மட்டும் ஓட்டையா நிக்குது."

ஏழாம் பாடம் நீதிபதி விலகல். தன் இரத்த உறவின் வழக்கு தன்னிடம் வந்தால் நீதிபதி தானாக எழுந்து விலக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அதைக் கற்பித்து வந்தவள்தான் ரூமென்கா.

ஆறு வருடத்துக்கு முன் இஸ்க்ரா இதே கல்லூரியில் மூன்றாம் வருடத்தில் இருந்தாள். வாய்மொழித் தேர்வு. மேஜையில் சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதில் மூன்று கேள்விகள். பின்வரிசையில் மற்ற மாணவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பாடத்துக்குத் தேர்வாளர்கள் இரண்டு பேர், ரூமென்காவும் வுயிச்சும். மகளை வுயிச்சிடம் அனுப்பியிருக்கலாம். முதல்நாள் காபி நேரத்தில் அவர், "நாளைக்கு உங்க வீட்டுச் செல்லம் பரீட்சைக்கு வருதாமே. பத்துக்குப் பத்த இப்பவே எழுதி வச்சுட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரூமென்காவும் சிரித்தாள். மறுநாள் தன் நாற்காலியை விட்டு எழவில்லை. வுயிச்சைக் கூப்பிட்டு அறையில் உட்கார வைத்தாள், பார்க்கட்டும் என்று.

மதிப்பெண் ஐந்திலிருந்து பத்து வரை. ஐந்து என்றால் தோல்வி. ஐந்தை மாணவரின் மதிப்பெண் புத்தகத்தில் எழுதுவதில்லை. புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ரூமென்கா மூடிக் கொடுத்தாள். இஸ்க்ரா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வசந்தத்தில் அவள் ஊரை விட்டுப் போனாள்.

"வியாழக்கிழம வகுப்பு முடிஞ்சதும் எடுத்துடலாம்," என்றாள் ரூமென்கா.

வியாழக்கிழமை அவள் தாளில் எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை. சட்டப் பிரிவுகளை முதலில் சொன்னாள். யார் யார் உறவு, எப்போது விலக வேண்டும், விலகாவிட்டால் தரப்பினர் எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும். பிறகு தண்ணீர் குடித்தாள்.

"உதாரணம் ஒண்ணு," என்றாள். "ஒரு நீதிபதி. அவ பொண்ணோட விவகாரம் அவகிட்டயே வருது. சட்டம் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் எந்திரிக்கல. எந்திரிச்சா, தன் மேலயே நம்பிக்கை இல்லன்னு நெனச்சுடுவாங்களோன்னு ஒரு கர்வம். உக்காந்தே இருந்தா. நேர்மையானவன்னு காட்டணும், அதனால பொண்ணு தோக்கணும். தோத்தா." அவள் நிறுத்தினாள். "அது வழக்கு இல்ல. பரீட்சை. இந்தக் கட்டடத்துல, இருபத்தாறாம் நம்பர் அறையில. அந்தப் பொண்ணு எட்டு வாங்கற மாதிரி பதில் சொன்னா. நான் அஞ்சு குடுத்தேன்."

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஷந்தோர் அதை அணைக்க மறந்துவிட்டார்.

"மறுபடி எடுக்கணுமா?" என்றார் கடைசியில்.

"வேண்டாம்."

"தப்ப எங்க வச்சீங்க? எனக்குத் தெரியலையே."

"இதுல வைக்கல."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தவறு இல்லையென்றால் திருத்த எதுவும் இல்லை. திருத்த எதுவும் இல்லையென்றால் க்ராட்ஸ் எதற்கு எழுத வேண்டும்?

முதல் நாள் இருநூறு பேர் பார்த்தார்கள். பெட்டியில் யாரும் பந்தயம் கட்டவில்லை. யாரோ ஒருவர் அறை எண்ணைச் சரிபார்த்ததாக எழுதிவிட்டுப் பிறகு அழித்திருந்தார். நான்காம் நாள் வுயிச் படிக்கட்டில் அவளை நிறுத்தினார்.

"நான் அன்னிக்குச் சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும்," என்றாள்.

"பத்துக்குத் தகுதியான பொண்ணுன்னு நெனச்சுத்தான்..."

"தெரியும் வுயிச்."

ஐந்தாம் நாள் க்ராட்ஸிலிருந்து ஒருவர் கடைசிவரை பார்த்ததாகத் திரை காட்டியது. எங்கும் நிறுத்தவில்லை, எங்கும் திருப்பவில்லை. கோடு தட்டையாகப் போயிற்று. ஆறாம் நாள் எதுவும் இல்லை. ஏழாம் நாளும் இல்லை. குடும்பத்துப் புனிதர் நாள் வந்தது. ரொட்டியை வெட்டி, திராட்சை மது ஊற்றி, மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒவ்வொரு வருடமும் வரும் அந்த ஒரு சொல்லும் இந்த முறை வரவில்லை. தூண்டிலை இழந்துவிட்டோம் என்று நினைத்தாள். ஒரு நாயின் நிறத்தையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வந்தது.

'எட்டு இல்லை. ஒன்பது. மூணாவது கேள்விக்கும் பதில் சொன்னேன். நீ கேக்கல. வுயிச் முகத்தையே பாத்துட்டிருந்த.'

ரூமென்கா கண்ணை மூடினாள். முதல் கேள்வி நினைவிருந்தது, வழக்கின் மதிப்பு. இரண்டாவது, சாட்சியின் கடமை. அதற்கு மகள் ஒரு நிமிடம் தடுமாறிப் பிறகு சரியாகச் சொன்னாள். மூன்றாவதுக்கு வெறும் படம்தான் இருந்தது. சீட்டைப் பிடித்திருந்த விரல்கள், பச்சைக் கம்பளிச் சட்டை, அசையும் உதடுகள். சத்தம் இல்லை. எத்தனை முறை திருப்பினாலும் சத்தம் இல்லை. அறையின் மறுபக்கத்தில் வுயிச்சின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது, இடது புருவம் லேசாக உயர்ந்து.

அவளுடைய பாடங்கள் எல்லாம் இயந்திரத்தில் இருக்கின்றன. ஒன்பதாம் பாடத்தில் அவள் இருமியதுகூட இருக்கிறது. மகள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்ன நிமிடங்கள் எங்கேயும் இல்லை.

பெட்டியில் பதில் எழுதினால் அவள் பெயரோடு எல்லோருக்கும் தெரியும். எழுதினாள்.

'கேள்வி என்னன்னுகூட எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கும். பதிலை மறுபடி சொல்லு. எழுத வேண்டாம், குரலில் அனுப்பு. கேக்கறேன்.'

அனுப்பிய பிறகு எதையும் அழிக்கவில்லை. அடுப்பில் காபி பொங்கி வழியும் வாடை வந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டுத் திரும்பினாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்து, அதன் ஒயரைச் செருகி, இரண்டு காதிலும் சரியாக வைத்துக்கொண்டாள்.

இன்னும் எதுவும் வந்திருக்கவில்லை. ஒலியை முழுசாக உயர்த்தி வைத்தாள்.